முதியோரும் சத்திரசிகிச்சையும்: மயக்கமருந்துத் தெரிவு, அதன் பின்னான மனக்குழப்பம், குடும்பத்தினரின் பங்கு

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் இலங்கையிலிருந்து வந்து பாரிஸில் குடியேறிய தமிழரில் பலர் இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்துவிட்டனர். அவர்கள் பின்னாளில் அழைத்துக்கொண்ட பெற்றோர் மேலும் முதியவர்கள். இடுப்பு எலும்பு முறிவு, முழங்கால் மூட்டு மாற்று, குடல், இதயம் என ஏதேனும் ஒரு காரணத்திற்காகச் சத்திரசிகிச்சையை எதிர்கொள்ளும் முதியோர் இன்று லா சப்பல் பகுதியின் பல தமிழ்க் குடும்பங்களில் உள்ளனர். அவ்வேளையில் பிள்ளைகள் மனத்தில் எழும் முதல் வினா பெரும்பாலும் ஒன்றுதான்: மயக்கமருந்து கொடுத்தால் அம்மாவின் நினைவு தப்பிவிடுமா? முழு மயக்கத்திற்குப் பதிலாக முதுகில் ஊசி போட்டுச் செய்தால் அந்த ஆபத்து நீங்குமா?

இவ்வச்சத்தால் தேவையான சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும் உளர். சிகிச்சைக்குப் பின் ஏற்படும் குழப்பத்தை "வயது போய்விட்டது, இனி இப்படித்தான்" எனக் கருதி வைத்தியருக்குத் தெரிவிக்காமல் விடுவோரும் உளர். இரண்டும் தீங்கு தருவன. ஆகவே மருத்துவ ஆய்வுகள் இதுவரை காட்டியிருப்பவற்றையும், பிரான்சில் நோயாளருக்குள்ள உரிமைகளையும், குடும்பத்தினர் செய்யக்கூடியவற்றையும் இங்கு சுருக்கமாகத் தருகின்றோம். இது பொது விளக்கமே. தங்கள் குடும்பத்தவரின் உடல்நிலை குறித்த முடிவு அவரது வைத்தியரோடு கலந்து எடுக்கப்பட வேண்டியதாகும்.

வேறுபடுத்தி அறிய வேண்டிய மூன்று நிலைகள்

முதலாவது, திடீர்ச் சித்தக் குழப்பம். ஊரில் சன்னி என்று சொல்லப்படும் நிலைக்கு இது நெருக்கமானது. பிரெஞ்சு வைத்தியர்கள் இதனை "கொன்பியூசியோன்" என்றோ "தெலிரியோம்" என்றோ குறிப்பிடுவர். சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் முதல் சில நாள்களில் இது தோன்றும். நோயாளருக்கு இடமும் நாளும் புரியாது. பேச்சு தொடர்பற்றுப் போகும். இல்லாத ஆள்களைக் காண்பதாகக் கூறுவார். சேலைன் குழாயைப் பிடுங்க முயல்வார். காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் குழம்புவதும், மீண்டும் தெளிவதும் இதன் அடையாளம். இன்னொரு வடிவமும் உண்டு. அதில் நோயாளர் கூச்சலிடமாட்டார். கண்ணை மூடியபடி, உண்ணாமல், கேட்டதற்கு விடை சொல்லாமல் கிடப்பார். "அமைதியாக ஓய்வெடுக்கிறார்" எனப் பிறர் எண்ணிவிடுவதால் இவ்வடிவமே அதிகம் தவறவிடப்படுகிறது.

இரண்டாவது, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிக்கும் நினைவாற்றல், கவனக் குறைவு. கணக்குப் பார்ப்பது, மருந்தை நேரத்திற்கு எடுப்பது, சமையலின் ஒழுங்கை நினைவில் வைப்பது போன்றவற்றில் தடுமாற்றம் காணப்படும்.

மூன்றாவது, மனச்சோர்வு. உடல் தேறிய பின்னரும் எதிலும் விருப்பமின்மை, உறக்கமின்மை, அழுகை, "நான் எல்லோருக்கும் பாரம்" என்னும் எண்ணம் ஆகியன நீடிக்கும். இம்மூன்றும் வெவ்வேறானவை, எனினும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. முன்னரே மனச்சோர்வோ மறதி நோயோ உள்ளவருக்குச் சித்தக் குழப்பம் ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

இவ்வச்சம் எங்கிருந்து வந்தது?

மயக்கமருந்தின் வரலாறு நமது அயலோடும் தொடர்புடையது. 10ஆம் வட்டாரத்திலுள்ள சென் லூயி வைத்தியசாலையில் ஈதர் கொடுத்துச் செய்த சத்திரசிகிச்சைகளைப் பற்றி மல்கேன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1847 சனவரியில் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் அறிக்கையிட்டார். நாற்பது ஆண்டுகளின் பின், 1887இல், மயக்கமருந்துக்குப் பின் மனநிலை பாதிக்கப்பட்ட நோயாளர்களைப் பற்றி இங்கிலாந்தின் ஜோர்ஜ் சவேஜ் எழுதினார். 1955இல் பெட்போர்ட் என்னும் ஆங்கிலேய வைத்தியர், மயக்கமருந்தின் பின் நினைவாற்றல் குன்றிய முதியோரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டு, முதியோருக்கு மிக அவசியமான சத்திரசிகிச்சை மட்டுமே செய்யப்பட வேண்டும் என அறிவுறுத்தினார். பொதுமக்களிடையே நிலவும் அச்சத்திற்கு இத்தகைய பழைய அடிப்படை உண்டு.

இதனை முறையாக அளந்த பெரிய ஆய்வு 1998இல் வெளிவந்தது. பல நாடுகளில் 60 வயதும் அதற்கு மேலும் கொண்ட 1218 நோயாளர் பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் பரிசோதிக்கப்பட்டனர். ஒரு வாரத்தின் பின் 25.8 சதவீதத்தினரிடமும், மூன்று மாதங்களின் பின் 9.9 சதவீதத்தினரிடமும் நினைவாற்றல் அல்லது கவனக் குறைவு காணப்பட்டது. சத்திரசிகிச்சை செய்யப்படாத ஒப்பீட்டுக் குழுவில் இவ்வளவு முறையே 3.4, 2.8 சதவீதமாகவே இருந்தது. இதிலிருந்து இரண்டு செய்திகளைப் பெறலாம். பிரச்சினை உண்மையானது, கற்பனையன்று. அதே வேளையில், முதல் வாரத்தில் பாதிக்கப்பட்டவர்களிற் பெரும்பாலானோர் மூன்று மாதங்களில் தேறிவிட்டனர்.

முழு மயக்கமா, முள்ளந்தண்டு ஊசியா?

முழு மயக்கத்தில் நோயாளர் உறக்க நிலைக்குக் கொண்டுசெல்லப்படுவார். அவரது சுவாசத்தை மயக்கமருந்து வைத்தியர் கண்காணித்துக் காப்பார். முள்ளந்தண்டு ஊசியில் நாரிப் பகுதியில் மருந்து செலுத்தப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழக்கச் செய்யப்படும். நோயாளர் விழித்திருக்கலாம், அல்லது இலேசான உறக்கமருந்து பெறலாம். கை, கால் போன்ற ஓர் உறுப்பின் நரம்பை மட்டும் மரக்கச் செய்யும் முறையும் உண்டு.

மூளைக்குச் செல்லும் மருந்து குறைந்தால் குழப்பமும் குறையும் என்று எண்ணுவது இயல்பு. வைத்தியர்களும் நெடுங்காலம் அவ்வாறே எதிர்பார்த்தனர். ஆனால் அண்மைய பெரிய ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தவில்லை. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு எலும்பு முறிந்த 1600 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. முள்ளந்தண்டு ஊசி பெற்றோரில் 20.5 சதவீதத்தினருக்கும், முழு மயக்கம் பெற்றோரில் 19.7 சதவீதத்தினருக்கும் சித்தக் குழப்பம் ஏற்பட்டது. அறுபது நாள்களின் பின் நடக்கும் ஆற்றலிலும் உயிர்பிழைத்தலிலும் இரு குழுக்களும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. சீனாவில் 65 வயதும் அதற்கு மேலும் கொண்ட 950 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்விலும் இவ்வளவுகள் 6.2, 5.1 சதவீதம், பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

காரணம் யாதெனில், குழப்பத்தை உண்டாக்குவது மயக்கமருந்து ஒன்று மட்டுமன்று. உடலில் வெட்டும் காயமும் ஏற்படும்போது எழும் அழற்சி, வலி, குருதி இழப்பு, கிருமித் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், உறக்கக் கேடு, சில மருந்துகள், பழக்கமான மது அல்லது நித்திரைக் குளிசை திடீரென நிறுத்தப்படுதல், கண்ணாடியும் செவிப்புலன் கருவியும் இல்லாமை, புரியாத மொழி பேசும் அந்நியச் சூழல் ஆகிய அனைத்தும் சேர்ந்தே முதியவரின் மூளையைத் தடுமாறச் செய்கின்றன.

எனவே இருவகை மயக்கத்தில் எது தரப்பட்டாலும் நினைவைக் காக்க இயலும். எதுவும் அதற்கு முழு உத்தரவாதம் தருவதுமில்லை. தெரிவு பிற காரணங்களைக் கொண்டே அமையும். குருதி உறையாமைக்கான மருந்து எடுப்போர், ஊசியிடும் இடத்தில் தொற்று உள்ளோர், சிலவகை இதய வால்வு நோயுள்ளோர் ஆகியோருக்கு முள்ளந்தண்டு ஊசி பொருந்தாமற் போகலாம். கடுமையான நுரையீரல் நோயுள்ளவருக்கு அதுவே விரும்பத்தக்கதாகலாம். "முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுதும் நாரி நோ" என்று நம்மிடையே வழங்கும் கூற்றுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஊசியிட்ட இடத்தில் சில நாள்கள் நோவு இருக்கலாம்.

இடுப்பு எலும்பு முறிந்த முதியவரைப் பொறுத்தவரை மிகப் பெரிய ஆபத்து தாமதமே. 48 மணி நேரத்திற்குள் சத்திரசிகிச்சை செய்வதே நன்று என வைத்தியர்கள் கருதுகின்றனர். படுக்கையில் வலியோடு கழியும் ஒவ்வொரு நாளும் குழப்பம், நெஞ்சுத் தொற்று, குருதிக்கட்டி ஆகியவற்றுக்கு வழி திறக்கிறது. மயக்கமருந்தின் மீதுள்ள அச்சத்தால் இதனைத் தள்ளிப்போடுவது, காக்க விரும்பும் நினைவாற்றலையே பணயம் வைப்பதாகும்.

மருந்தின் வகையைவிட முக்கியமானவை

மயக்கத்தின் ஆழம் பற்றிய ஆய்வுகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மூளையின் மின்னலைகளைப் பார்த்து மருந்தளவை வழிநடத்துவதால் குழப்பம் குறையவில்லை என 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆழமான மயக்கம் பெற்றோரில் 28 சதவீதத்தினரும், இலேசான மயக்கம் பெற்றோரில் 19 சதவீதத்தினரும் குழப்பமடைந்தனர் என 2021இல் மற்றோர் ஆய்வு காட்டியது. இது வைத்தியரிடம் வினவத்தக்க விடயமாகும்.

சத்திரசிகிச்சைக்கு முன் "பதற்றம் தணிய" நித்திரைக் குளிசை கொடுக்கும் வழக்கத்தைப் பற்றித் தெளிவு அதிகம். பிரான்சின் ஐந்து போதனா வைத்தியசாலைகளில் 70 வயதுக்குட்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், லோரசெபாம் என்னும் குளிசை நோயாளரின் திருப்தியை அதிகரிக்கவில்லை. மயக்கத்தினின்று தெளிவதையே தாமதப்படுத்தியது. முதியோரின் மூளைக்கு இவ்வகை மருந்துகள் மேலும் சுமையாகும். ஆனால் நெடுங்காலமாக அதனை எடுத்து வருபவர் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது. அதுவும் குழப்பத்தை உண்டாக்கும்.

மயக்கமருந்து வைத்தியருடனான முன்சந்திப்பு

1994 டிசம்பர் 5ஆம் நாளைய அரசாணையின்படி, திட்டமிட்ட சத்திரசிகிச்சை ஒவ்வொன்றுக்கும் பல நாள்கள் முன்னதாக மயக்கமருந்து வைத்தியரைச் சந்திப்பது பிரான்சில் கட்டாயமாகும். "கொன்சுல்தாசியோன் தனெஸ்தெசி" எனப்படும் இச்சந்திப்பு வெறும் சடங்கன்று. தெரிவு பற்றிப் பேசுவதற்குரிய இடம் இதுவே. சத்திரசிகிச்சைக்குச் சற்று முன்னர் வைத்தியர் மீண்டும் ஒருமுறை நோயாளரைப் பார்ப்பார். விபத்து போன்ற அவசர நிலையில் மட்டும் இவ்வொழுங்கு சுருங்கும்.

இச்சந்திப்பிற்குக் கார்ட் வித்தால், பழைய பரிசோதனை அறிக்கைகள், எடுக்கும் மருந்துகள் அனைத்தின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு செல்க. ஊரிலிருந்து வருவித்த ஆயுர்வேத, சித்த மருந்துகளையும் நித்திரைக் குளிசைகளையும் மறைக்காது கூறுக. மது அருந்தும் பழக்கம் இருப்பின் அதனையும் வெட்கமின்றிக் கூறுக. பிள்ளைகள் முன்னிலையில் சொல்லத் தயங்கினால் வைத்தியரைத் தனியே சந்திக்கக் கேட்கலாம். முன்னைய சத்திரசிகிச்சையின் பின் குழப்பம் ஏற்பட்டதா, அண்மைக் காலத்தில் மறதி அல்லது மனச்சோர்வு உண்டா என்பவற்றைக் குடும்பத்தினர் சொல்வது மிக உதவும்.

வைத்தியரிடம் கேட்கத்தக்க வினாக்கள் இவை: எவ்வகை மயக்கம் தரப்படும், ஏன்? மாற்று வழி உண்டா? அப்பாவுக்குக் குழப்பம் ஏற்படும் வாய்ப்பு எவ்வளவு? முன்கூட்டி நித்திரைக் குளிசை தரப்படுமா? வலி எவ்வாறு தணிக்கப்படும்? எந்த மருந்தை எந்நாளில் நிறுத்த வேண்டும்? எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம்? வழக்கமாகத் திண்ம உணவு ஆறு மணி நேரம் முன்னரும், தண்ணீர் போன்ற தெளிந்த பானம் இரண்டு மணி நேரம் முன்னரும் நிறுத்தப்படும். அம்மா முதல்நாள் மாலையிலிருந்தே ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாமல் "விரதம்" இருப்பது தேவையற்றது. நீர்ச்சத்துக் குறைவு குழப்பத்திற்குத் துணை செய்யும்.

மொழியும் நம்பிக்கைக்குரியவரும்

நோயாளர் புரிந்துகொண்டு இசைவு தருவது 2002 மார்ச் 4ஆம் நாளைய சட்டம் உறுதிசெய்த உரிமை. பிரெஞ்சு மொழி அறியாதவருக்கும் அவ்வுரிமை முழுமையாக உண்டு. பள்ளி செல்லும் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது நன்றன்று; அம்மம்மா அந்தரங்கமானதைச் சொல்லமாட்டார், பிள்ளையும் அச்சம் தருவதை மறைத்துவிடும். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யுமாறு, சந்திப்பிற்கு நாள் குறிக்கும்போதே கேளுங்கள். தொலைபேசி வழியாகவும் இது நடைபெறலாம்.

"பெர்சோன் து கொன்பியான்ஸ்" எனப்படும் நம்பிக்கைக்குரியவரை எழுத்தில் நியமிப்பதும் முக்கியம். இருவரும் கையொப்பமிட வேண்டும். நோயாளர் தம் விருப்பத்தைச் சொல்ல இயலாதபோது வைத்தியர்கள் இவரைக் கலந்தாலோசிப்பர். இவரது சாட்சியம் ஏனைய உறவினரின் கூற்றைவிட மேலானதாகக் கொள்ளப்படும். குழப்பம் ஏற்பட்ட பின் நியமிப்பது கடினம். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்னரே இது முடிந்திருக்க வேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பின்: குடும்பத்தினரின் கை

முதியோரின் சித்தக் குழப்பத்தைத் தடுக்கச் சிறந்த வழி மருந்தன்று, கவனிப்பே. ஐக்கிய அமெரிக்காவில் பொது மருத்துவப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட 70 வயதும் அதற்கு மேலும் கொண்ட 852 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1999இல் வெளியானது. நாளும் இடமும் நினைவூட்டல், நடக்க வைத்தல், இரவில் உறங்கவிடுதல், கண்ணாடி, செவிப்புலன் கருவி, போதிய நீர் ஆகிய எளிய கவனிப்புகளால் குழப்பம் 15.0 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது.

இவற்றிற் பலவற்றைக் குடும்பத்தினர் செய்யலாம். கண்ணாடி, செவிப்புலன் கருவி, பற்கள், மணிக்கூடு ஆகியவற்றைப் பெயர் எழுதிக் கொடுத்தனுப்புக. கண் விழித்ததும் அருகிருக்க அனுமதி கேளுங்கள். "அம்மா, நீங்கள் வைத்தியசாலையில் இருக்கிறீர்கள், இன்று செவ்வாய்க்கிழமை, கால் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது" எனத் தமிழில், மெதுவாக, பலமுறை கூறுக. தாதியிடம் கேட்ட பின் தண்ணீர் அருந்தவும் எழுந்து நடக்கவும் துணைநில்லுங்கள். பகலில் திரையைத் திறந்து வையுங்கள். கூட்டமாகச் செல்லாமல் ஒருவர், இருவராக முறைவைத்துச் செல்லுங்கள். அவர் காணாததைக் கண்டதாகச் சொன்னால் வாதிட வேண்டாம், பரிகசிக்கவும் வேண்டாம். போரைக் கண்ட தலைமுறையினர் சிலர் இக்குழப்பத்தில் குண்டுச் சத்தத்தையும் இராணுவத்தையும் பற்றிப் பேசக்கூடும். "இங்கே பயமில்லை, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்பதே போதிய மறுமொழி. அவர் முன்னர் அனுபவித்தவற்றைத் தாதியருக்கு அறிவித்தால், கையைக் கட்டுதல் போன்றவை அவருக்கு எத்துணை அச்சம் தரும் என்பதை அவர்கள் உணர்வர்.

வழமைக்கு மாறான நடத்தையை முதலில் அறிவது குடும்பத்தினரே. பிரெஞ்சு மட்டும் அறிந்த தாதிக்கு, தமிழில் பேசும் முதியவர் தொடர்பறப் பேசுகிறார் என்பது தெரியாது. உடனே சொல்லுங்கள்: "மா மேர் நே பா கொம் தாபிதியூத்", அதாவது "அம்மா வழமைபோல் இல்லை." தந்தையானால் "மோன் பேர்" எனத் தொடங்குக. "எல் எ கோன்பியூஸ் தெபுயி இயேர்", அதாவது "நேற்றிலிருந்து குழம்பியிருக்கிறார்". ஆணாயின் "இல் எ கோன்பியூ". இவ்வொரு வாக்கியம், மறைந்திருக்கும் தொற்றையோ சிறுநீர் அடைப்பையோ நேரத்தோடு கண்டறிய வழி செய்யலாம். குழப்பம் என்பது பைத்தியமன்று, குடும்பத்திற்கு இழுக்குமன்று. காரணத்தைத் தேடிச் சிகிச்சை செய்ய வேண்டிய உடல்நிலை மாற்றம்.

வீடு திரும்பிய பின்

மருத்துவக் காப்புறுதியின் "பிராதோ" சேவை வீடு திரும்பும் நோயாளருக்குத் துணைபுரிகிறது. வைத்தியசாலையை விட்டு நீங்குமுன் இதனைப் பற்றியும் சமூக உதவியாளரைப் பற்றியும் கேளுங்கள். குழப்பம் வீட்டில் புதிதாகத் தோன்றினாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், ஒருபக்கத் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஏற்பட்டாலோ காத்திராமல் 15ஐ அழையுங்கள். மூன்று மாதங்களின் பின்னும் மறதி நீடித்தால் குடும்ப வைத்தியர் ஊடாக நினைவாற்றல் பரிசோதனைக்குப் பதிவுசெய்யுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் மனச்சோர்வு நீடித்தாலும் குடும்ப வைத்தியரிடம் கூறுங்கள். "மோன் சூத்தியேன் ப்சி" திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 12 உளவியல் அமர்வுகள் வரை பெறலாம். இறக்க விரும்புவதாக முதியவர் கூறினால் அதனை வெறும் சலிப்பாகக் கொள்ளாதீர்கள். 3114 என்னும் இலக்கம் இரவு பகலாக, கட்டணமின்றி இயங்குகிறது.

அயலில் உள்ள சேவைகள்

கார் து நோர் நிலையத்தை அடுத்துள்ள லறிபுவாசியேர் வைத்தியசாலை 1854இல் திறக்கப்பட்ட பொது வைத்தியசாலை. பூபூர் சென் தெனி வீதியிலேயே உள்ள பெர்னான் விடால், முதியோர் மருத்துவத்திற்கும் நினைவாற்றல் குறைபாட்டுக்கும் அறியப்பட்டது. 18ஆம் வட்டாரத்தில் பிரெத்தொனோ முதியோர் வைத்தியசாலை உள்ளது. அறுபது வயதைக் கடந்தோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் "மேசோன் தே செனே எ தே செதான்" நிலையங்கள் இலவச ஆலோசனை வழங்குகின்றன. தங்கள் வட்டாரத்திற்குரிய நிலையத்தை 3975 என்னும் பாரிஸ் நகரசபை இலக்கத்தில் கேட்டறியலாம்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருப்பின், மருந்துப் பட்டியல், நம்பிக்கைக்குரியவரின் கையொப்பம், மொழிபெயர்ப்பாளர் வேண்டுகோள் ஆகிய மூன்றையும் இவ்வாரமே ஆயத்தம் செய்யுமாறு வேண்டுகின்றோம்.